ஒலிபெருக்கி ஊமையானால்?

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்றனர் நம் முன்னோர். பிள்ளைக்கு மட்டுமன்று, ஊருக்கும் அது பொருந்தும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பெருவீதியிலே, கல்முனையைக் கடந்ததும் வருகின்ற ஊர் சாய்ந்தமருது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருங்கிய வீடுகளும் குறுகிய ஒழுங்கைகளும். இத்தகைய ஊருக்கு வாய் எது? பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒன்று. வீதிவீதியாக ஊர்ந்து வரும் வாகனத்தின் ஒலிபெருக்கி மற்றொன்று. ஜனாஸா அறிவித்தல், காணாமற்போன பிள்ளையின் அடையாளம், நாளை குடிநீர் வராது என்னும் செய்தி, இரத்ததான முகாமுக்கு அழைப்பு, கரைவலையில் அன்று பட்ட மீனின் விலை, தேர்தற் காலத்து வாக்குறுதி ஆகிய யாவும் அந்த வாய்களின் வழியாகவே வீட்டு முற்றத்தை வந்தடைகின்றன.

அவ்வாறு ஊரைச் சுற்றிவரும் வாகனங்களுள் ‘கெப்’ என்று நம்மவர் வழங்கும் சிறு வாகனமும் ஒன்று. முன்னே அமர்ந்து செல்ல ஓர் அறை, பின்னே சுமையேற்றத் திறந்த பெட்டி. கதவுகளிலே வானொலிக்குரிய சிறிய ஒலிபெருக்கிகள் பொருந்தியிருக்கும். அறிவித்தலுக்குச் செல்லும் நாளிலே கூரையின்மீது இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளும் ஏறிக்கொள்ளும். நேற்றுவரை நன்றாகப் பேசிய இவ்வாகனம் இன்று திடீரென ஊமையாகிவிடுகின்றது. உடனே ஓட்டுநர் பழுதுபார்க்கும் கடைக்கு விரைகின்றார்.

“காக்கா, ஸ்பீக்கர் செத்துப்போச்சு. புதிசு ஒண்டு போடுங்க.”

“அவசரப்படாதீங்க தம்பி. செத்தது ஸ்பீக்கர்தானா எண்டு முதல்ல பாப்பம்.”

கடைக்காரர் கூறிய இந்த மறுமொழியிலேயே இவ்வாரம் நாம் சொல்லவிருப்பது முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஓசை வராத இடம் ஒலிபெருக்கி என்பது உண்மையே. ஆயினும், பழுது பட்ட இடமும் அதுவே என்று முடிவு செய்வது தவறு. குழாயில் நீர் வரவில்லையென்றால் குழாயையா முதலில் கழற்றி எறிகின்றோம்? ஒலிபெருக்கியை மாத்திரம் ஏனோ பலரும் அவ்வாறு நடத்துகின்றனர்.

குரல் பிறக்கும் விதம்

பழுதைத் தேடப் புறப்படுமுன், பழுதில்லாத பொழுது அது எவ்வாறு பேசுகின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊராகிய காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் விளங்கியவர். பழந்தமிழர் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. யாழின் நரம்பு அதிரும்பொழுது காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வு நம் செவியில் ஓசையாகின்றது. ஒலிபெருக்கி செய்வதும் இதுவே. நரம்புக்குப் பதிலாக இங்கே ஒரு காகிதக் கூம்பு அதிர்கின்றது.

கூம்பின் அடியிலே மெல்லிய கம்பியைச் சுற்றிய சிறு சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அச்சுருள் ஒரு வலிய காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளியிலே எதனையும் தொடாமல் மிதக்கின்றது. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தவுடன் அதுவும் காந்தமாகின்றது. ஓட்டம் ஒரு திசையிற் சென்றால் சுருள் முன்னே தள்ளப்படுகின்றது; திசை மாறினால் பின்னே இழுக்கப்படுகின்றது. ஒரு செக்கனுக்கு ஆயிரம் முறை திசை மாறி மாறி ஓடினால், கூம்பும் ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆடுகின்றது. கூரைமேல் இருக்கும் கூம்பு ஒலிபெருக்கியிலோ காகிதத்துக்குப் பதிலாக ஒரு சிறு மென்தகடு அதிர்கின்றது. அகன்ற புனல் அந்த அதிர்வை ஊருக்கு எடுத்துச் செல்கின்றது.

மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை டென்மார்க்கு நாட்டு ஏர்ஸ்டெட் 1820 இற் கண்டறிந்தார். பெருந்திரளான மக்களுக்குக் குரலை எட்டச் செய்யும் கருவியை ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் 1915 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினர். இன்று நம் வாகனக் கதவுகளில் இருக்கும் காகிதக் கூம்பு வகையின் இலக்கணத்தை வகுத்தவர்கள் ரைஸ், கெலொக் என்னும் பொறியியலாளர், ஆண்டு 1925. அந்த இலக்கணம் பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கின்றது. ஆதலால், ஒன்றைப் பழுதுபார்க்கக் கற்றவர் உலகத்து ஒலிபெருக்கிகள் அனைத்தையும் பார்க்கத் தகுதி பெற்றவராகின்றார்.

இரண்டு பாதைகள்

வாகனத்திலே ஓசை பிறப்பதற்கு இரண்டு பாதைகள் தேவை. முதலாவது வலுவின் பாதை. பற்றரியிலிருந்து புறப்பட்டு, பியூஸைக் கடந்து, ஆளியைக் கடந்து, வானொலியையோ அம்பிளிபயரையோ அடைந்து, வாகனத்தின் உடலாகிய இரும்பின் வழியாகப் பற்றரிக்கே திரும்புவது அது. இரண்டாவது குரலின் பாதை. மைக் என்று வழங்கும் ஒலிவாங்கியிலிருந்து அம்பிளிபயருக்கும், அங்கிருந்து வயர் வழியாக ஒலிபெருக்கிக்கும் செல்வது. இரண்டும் சந்திக்கும் இடம் அம்பிளிபயர். வாகன வானொலியினுள்ளேயும் சிறியதோர் அம்பிளிபயர் அடங்கியிருக்கின்றது.

ஆதலால், கேட்கவேண்டிய முதற் கேள்வி, விளக்கு எரிகின்றதா என்பது. வானொலியின் முகத்தில் வெளிச்சமே இல்லையென்றால், ஒலிபெருக்கியைப் பற்றிய சிந்தனையை ஒதுக்கிவிட்டு வலுவின் பாதையிலே செல்லுங்கள். பெரும்பாலும் அங்கே பியூஸ் அறுந்திருக்கும். ஓட்டுநரின் முழங்காலருகே உள்ள சிறு பெட்டியிலும், வானொலியின் முதுகிலும் பியூஸ்கள் உண்டு; இரண்டையும் பாருங்கள். அறுந்ததற்குப் பதிலாக அதே அம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். புதியதும் உடனே அறுந்தால், எங்கோ ஒரு வயர் தோலுரிந்து இரும்பைத் தொடுகின்றது என்று பொருள். அவ்விடத்தைக் கண்டுபிடிக்காமல், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்துக் காரியத்தை முடிப்பவர், வாகனத்துக்குத் தீமூட்டத் திரி வைப்பவராவார்.

வெளிச்சம் இருக்கின்றது, ஓசை மட்டும் இல்லையென்றால், குரலின் பாதையிலே செல்லவேண்டும். அதற்கு முன்னர் ஓர் எளிய காரியம் உண்டு. ஓசையை இடத்துக்கும் வலத்துக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்தளிக்கும் அமைப்புகள் வானொலியில் இருக்கின்றன. சின்னப் பிள்ளையொன்று வாப்பாவின் மடியிலிருந்து குமிழைத் திருகி விளையாடிய அடுத்த நாள், ஒரு பக்கத்து ஒலிபெருக்கிகள் யாவும் ‘இறந்துவிடுகின்றன’. அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டே திருப்புளியைக் கையில் எடுக்கவேண்டும்.

பாதியாகப் பிரித்துத் தேடுக

இனி, மாணவர் சற்றுக் கூர்ந்து கவனிக்கவேண்டிய பகுதி வருகின்றது. வரிசையாக எட்டு இடங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலே பழுது. முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். நடுவிலே சோதித்தால், பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்பது தெரிந்துவிடும். நான்கு இடங்கள் கழிந்தன. எஞ்சிய நான்கின் நடுவிலே சோதித்தால் இரண்டு எஞ்சும். மூன்றாவது சோதனையிற் பழுது அகப்பட்டுவிடும். எட்டுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு, ஆயிரத்துக்குக்கூடப் பத்தே போதும். கணக்கிலே கற்ற இரண்டின் அடுக்குகள் ஒழுங்கையோரத்துக் கடையிலே உதவுவதைப் பாருங்கள்.

வாகனத்தின் வலப்பக்கக் கதவிலுள்ள ஒலிபெருக்கி மாத்திரம் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடு எது? வானொலியின் பின்புறம். அங்கே இடப்பக்கத்து வயர்களையும் வலப்பக்கத்து வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். இப்போது ஊமை இடப்பக்கத்துக்குப் போய்விட்டதா? அப்படியாயின் பழுது வானொலியில் இருக்கின்றது. ஒலிபெருக்கியும் வயரும் நிரபராதிகள். ஊமை வலப்பக்கத்திலேயே தங்கிவிட்டதா? வானொலி நிரபராதி, வயரிலோ ஒலிபெருக்கியிலோ தேடுங்கள். ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனை, பாதி உலகத்தை ஒரே வீச்சிற் கழித்துவிடுகின்றது.

கூரைமேலுள்ள கூம்புகளுக்கும் இதே முறைதான். நன்றாக வேலை செய்வதென்று உறுதியாகத் தெரிந்த ஒலிபெருக்கி ஒன்றைக் குட்டையான வயரினால் அம்பிளிபயரின் முனைகளிலேயே நேராகப் பொருத்திப் பேசிப் பாருங்கள். அது பேசினால் அம்பிளிபயர் வரையில் எல்லாம் சரி. பேசாவிட்டால் ஒலிவாங்கியை மாற்றிப் பாருங்கள். ஒலிவாங்கியின் வயர், கைப்பிடியோடு சேரும் இடத்திலே மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோவது அன்றாட நிகழ்ச்சி.

இங்கே ஒரு விதியை மறவாதீர்கள். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும். பியூஸையும் வயரையும் ஒலிபெருக்கியையும் ஒருங்கே மாற்றி, பின்பு ஓசை வந்துவிட்டால், பழுது எது என்பதை ஒருகாலும் அறியமாட்டோம். பணம் மூன்று பங்கு போனதுமன்றி, அறிவும் கிடைக்கவில்லை. அடுத்த முறை ஊமையானாலும் அதே இருட்டுத்தான்.

எல்லாமே ஒருங்கே அடங்கிவிட்டால்?

நான்கு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. ஆனால் வானொலியில் வெளிச்சம் இருக்கின்றது. நான்கும் ஒரே நாளிற் பழுதாவது அரிது. ஆகவே நான்குக்கும் பொதுவான இடத்தை நினைக்கவேண்டும். அவற்றுள் மக்கள் எளிதிற் காணாத காரணம் ஒன்றுண்டு. இக்காலத்து வாகன வானொலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு படைத்தவை. ஒரு கதவின் வயர் நசுங்கி இரும்பைத் தொட்டாலும், ஆபத்தை உணர்ந்து அவை எல்லா வாய்களையும் மூடிவிடக்கூடும். ஒருவன் செய்த குற்றத்துக்கு வீடு முழுவதும் கதவடைப்பது போன்றது இது. நான்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பொருத்தி வாருங்கள். எதனைப் பொருத்தியவுடன் எல்லாம் அடங்குகின்றனவோ, அதன் வழியிலேதான் குற்றவாளி இருக்கின்றான்.

பழைய வாகனத்திற் புதிய வானொலியைப் பொருத்துவோர் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். பழைய வாகனங்கள் சிலவற்றிலே ஒலிபெருக்கிக்கு ஒரே வயர்தான் ஓடும். மற்றைய முனை வாகனத்தின் இரும்போடு இணைக்கப்பட்டிருக்கும். அக்காலத்து வானொலிக்கு அது பொருந்திற்று. இக்காலத்து வானொலி பெரும்பாலும் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனித்தனியே இரண்டு வயர்களை வேண்டுவது. எந்த வயரும் இரும்பைத் தொடக்கூடாது. பழைய வயரிலே புதிய வானொலியைக் கோத்தால் அது பேச மறுக்கும். சில வேளை வெந்தும் போகும். ‘புதிய வானொலி சரியில்லை’ என்று கடைக்காரரைக் குறைகூறுமுன் பழைய வயரைப் பாருங்கள்.

கதவிடுக்கில் ஒளிந்த கள்வன்

வயர் அறுவதாயின் எங்கே அறும்? அசையாத இடத்தில் அன்று, அடிக்கடி அசையும் இடத்திலே. கெப் வாகனத்தின் கதவை ஒரு நாளிலே எத்தனை முறை திறக்கின்றோம்! மீன் பெட்டி இறக்க ஒருமுறை, பணம் வாங்க ஒருமுறை, தேநீருக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கீலின் அருகே ரப்பர் உறைக்குள் ஓடும் வயர் வளைந்து நிமிர்கின்றது. ஒரு கம்பியை இருபது முறை வளைத்தால் முறியும் என்பது சிறுவர்க்கும் தெரியும். பல மெல்லிழைகளால் ஆன வயர் பல்லாயிரம் முறை தாங்கும். ஆயினும் ஒருநாள் முறிந்தே தீரும். உள்ளே செம்பு அறுந்திருக்க, வெளியே பிளாத்திக்கு உறை முழுமையாகவே காணப்படும். கண்ணுக்குக் குறையொன்றும் தெரியாது.

இந்தக் கள்வனைப் பிடிக்கும் வழி எளிது. வானொலியைப் பேசவிட்டு, கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். ஓசை வந்து வந்து போகின்றதா? கீலின் அருகே வயரைப் பிடித்துச் சற்றே இழுங்கள். உறுதியாக நிற்கவேண்டிய வயர் ரப்பரைப் போல் நீண்டு கொடுத்தால், உள்ளே செம்பு இல்லை. அறுந்த துண்டை நீக்கி, சிறிது மிகையான நீளம் வைத்து, ஈயம் பற்றவைத்து, உறையிட்டு விட்டால் வேலை முடிந்தது. இணைப்பு மடிப்பிலே வராமல், அதற்கு அப்பால் அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அதே இடத்தில் மறுபடியும் முறியும். கையளவு வயரிலே தீரவேண்டிய குறைக்காகப் புதிய ஒலிபெருக்கி வாங்கிப் பொருத்தி, அதுவும் பேசாமையைக் கண்டு தலையிற் கை வைப்போர் உண்டு.

ஒரு கலமும் ஒரு செவியும்

இவ்வளவும் பார்த்தபின், சந்தேகம் ஒலிபெருக்கியின் மேலேயே வந்து நிற்குமாயின், அதனைத் தனியே விசாரிக்கலாம். இரண்டு வயர்களையும் கழற்றிவிடுங்கள். கைவிளக்குக்கு இடும் 1.5 வோல்ற்று உலர்கலம் ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் இரு முனைகளிலே ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று ஓசை எழுந்து கூம்பு அசைந்தால் சுருள் உயிரோடிருக்கின்றது. ஓசையே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கக்கூடும். கலத்தைத் தொட்டபடியே வைத்திருக்கலாகாது. வாகனப் பற்றரியை இச்சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. 12 வோல்ற்று நேரே பாய்ந்தால் நல்ல சுருளும் வெந்துபோகும்.

மல்டிமீற்றர் என்று கடையிற் கேட்டு வாங்கும் பல்மானி இருந்தால் இன்னும் நன்று. 4 ஓம் என்று முதுகிலே குறித்த ஒலிபெருக்கி பல்மானியில் மூன்று, மூன்றரை ஓம் அளவே காட்டும்; 8 ஓம் என்பது ஆறு, ஏழு அளவில் நிற்கும். இது குறையன்று. முதுகிலே எழுதியிருப்பது, திசை மாறி மாறி ஓடும் மின்னுக்குச் சுருள் காட்டும் மொத்த எதிர்ப்பு; பல்மானி அளப்பது கம்பியின் வெறுந்தடையை மாத்திரம். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்தது. பூச்சியத்தைக் காட்டினால் சுருள் வெந்து ஒட்டிக்கொண்டது. ஓசை வருகின்றது, ஆனால் கரகரக்கின்றது என்றால், கூம்பை விரல்களால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் ஒலி கேட்டால் சுருள் காந்தத்தோடு உராய்கின்றது; மழைநீரில் ஊறிய காகிதம் காய்ந்து கோணிவிட்டால் இவ்வாறு நேரும்.

கடற்காற்றின் கைவேலை

சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களுக்கு இன்னொரு பகைவனும் இருக்கின்றான். கடலிலிருந்து வீசும் காற்று உப்பையும் ஈரத்தையும் சுமந்து வருகின்றது. உப்பு கலந்த ஈரம் செம்பு முனைகளிலே பச்சைப் பொடியையும், இரும்பு ஆணிகளிலே துருவையும் படியச் செய்கின்றது. மீன் பெட்டியின் உப்புநீர் வடியும் வாகனமாயின் கேட்கவே வேண்டாம். பார்வைக்கு இணைப்பு இறுக்கமாக இருக்கும். உள்ளே மின்னோட்டம் வழியின்றித் தவிக்கும்.

இதனைச் சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 120 வாற்று வலுவை வாங்கும் அம்பிளிபயருக்கு 10 அம்பியர் மின்னோட்டம் தேவை. துருப்பிடித்த ஓர் இணைப்பின் தடை 0.2 ஓம் மாத்திரமே என்று கொள்வோம். பத்தை அதனாற் பெருக்கினால் 2 வோல்ற்று. அத்தனையும் அந்தத் துருவிலேயே தொலைந்துவிடும். எஞ்சுவது 10 வோல்ற்று. மெதுவாகப் பேசும்போது மின்னோட்டம் சிறிது, இழப்பும் சிறிது. எனவே எல்லாம் சரியாகத் தோன்றும். குரலை உயர்த்தியவுடன் இழப்பு பெருகி, அம்பிளிபயர் திணறி அடங்கிவிடும். ‘மெள்ளப் பேசினால் பேசுது, சத்தமாப் பேசினால் செத்துப்போகுது’ என்று ஓட்டுநர் முறையிடுவாராயின், ஒலிபெருக்கியை விட்டுவிட்டுப் பற்றரியின் முனைகளையும், இரும்பு உடலோடு சேரும் கறுப்பு வயரின் அடியையும் சுரண்டித் துலக்குங்கள். வர்ணம் நீங்கிய இரும்பின்மீது இறுக்கி, மேலே சிறிது வசிலீன் பூசிவிட்டால் ஈரம் எளிதில் அண்டாது.

வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை நமக்குக் கார்த்திகை மார்கழியிலே வலுக்கும். அதற்கு முன்பே கூரைக் கூம்புகளின் வாய் வானத்தை நோக்காமல் சற்றுத் தாழ்ந்து நிற்குமாறு திருப்பிவிடுங்கள். வாய்வழி புகுந்த நீர் மென்தகடு வரை சென்றால் அந்தக் கூம்பு அதன்பின் இருமும், பேசாது.

செய்யத் தகாதவை

இளைஞர்க்குச் சில எச்சரிக்கைகள். வயர்களிற் கை வைக்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். புதிய வாகனங்களிலே விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளுக்கான வயர்கள் மஞ்சள் உறையுடன் செல்லும். அவற்றைத் தொடவே வேண்டாம். அறிவித்தல் அம்பிளிபயர்களின் முதுகிலே 4, 8, 16 ஓம் என்றும், 70, 100 வோல்ற்று என்றும் முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். 100 வோல்ற்று முனை மனிதரை உதறக்கூடியது. அதிலே சாதாரண 8 ஓம் கூம்பைப் பொருத்தினால் கூம்பும் வெந்துபோகும். 8 ஓம் கூம்புகள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் 4 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 16 ஓம். கணக்குப் பார்த்து அதற்குரிய முனையிலேயே பூட்டவேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகளிலும் கூட்டற் குறியும் கழித்தற் குறியும் ஒரே முறையில் அமையவேண்டும். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால், ஒன்றின் வேலையை மற்றது அழித்து, ஓசை மெலிந்துவிடும்.

குரல் வேண்டிய நாள்

ஒரு வானொலிப் பெட்டியின் சிறு குறைக்கு இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கலாம். பாட்டுக் கேட்பதற்கு மட்டுமாயின் அவர் கூறுவது சரியே. பாட்டின்றியும் வயலுக்குப் போய் வரலாம். ஆனால் கரையோரத்து ஊருக்குக் குரல் என்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அருகே கடலடியிலே பூமி அதிர்ந்தது. எழுந்த அலைகள் இரண்டு மணி நேரத்துக்குள்ளாக நமது கிழக்குக் கரையை அடைந்தன. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. சாய்ந்தமருதும் கல்முனையும் மருதமுனையும் அந்த இழப்பிலே பெரும்பங்கைச் சுமந்தன. அலை வரும் என்பதைக் கரையிலிருந்தோர்க்குச் சொல்ல அன்று இந்து சமுத்திரத்திலே எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அலை வந்துகொண்டிருந்த அந்நேரத்திலே கரையோர வீதிகளில் ஒரு குரல் எழுந்திருந்தால், மேற்கே வயற்புறம் ஓடுவதற்குக் கால்கள் போதுமாக இருந்தன.

அதன்பின் ஏற்பாடுகள் வந்தன. 2005 இலே அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. கரையோரங்களிலே எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 ஆம் நாள் பிற்பகல் சுமாத்திராவுக்கப்பால் மீண்டும் கடலடி பலமாக அதிர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உட்புறம் நகர்ந்தனர். அன்று பேரலை வரவில்லை. ஆயினும் குரல் வந்தது. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

கோபுரத்தின் ஒலி எட்டாத ஒழுங்கைக்கும், கைப்பேசி இல்லாத மூத்தம்மாவின் வீட்டுக்கும் செய்தியைக் கொண்டுசெல்வது யார்? அந்நேரத்திலே வீதியில் நிற்கும் ஒரு கெப் வாகனமும், அதன் கூரையிலுள்ள இரண்டு கூம்புகளுமே. அவை அந்நாளிற் பேசவேண்டுமாயின், அதற்கு முந்திய சாதாரண நாட்களில் யாரோ ஒருவர் பச்சைப் பொடியைச் சுரண்டியிருக்கவேண்டும். கதவிடுக்கு வயரை இழுத்துப் பார்த்திருக்கவேண்டும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஒலிவாங்கியிலே சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.

ஆதலால், அறிவித்தல் வாகனம் வைத்திருப்போர் வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குக. இயந்திரத்தை நிறுத்திய நிலையிலும், இயக்கிய நிலையிலும் பேசிப் பாருங்கள். நல்ல பற்றரி ஓய்விலே ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், இயந்திரம் ஓடும்போது 14 வோல்ற்றுக்கு அண்மையிலும் காட்டும். ஓய்விலே 12 க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே கவனியுங்கள். அதே அளவுள்ள இரண்டு பியூஸ்கள், ஒரு முழ வயர், ஒரு திருப்புளி, ஒரு 1.5 வோல்ற்றுக் கலம் ஆகிய நான்கும் ஆசனத்தின் அடியிலே ஒரு சிறு பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். வீட்டிலே உயர்வகுப்புப் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், பல்மானியை அவர் கையிற் கொடுத்து, வாப்பா அருகிலிருந்து விளக்கைப் பிடியுங்கள். பெளதிகவியல் புத்தகத்திலே ஓமின் விதி என்று ஒரு வரியாகக் கிடப்பது, அன்று மாலை வாகனத்தின் கதவோரத்திலே அவர்களுக்கு உயிர்பெற்று எழும்.